வெடிக்கும் என்று தெரிந்த தட்டு

என் கண்ணாடி வேலைகளைப் பார்க்க வருகிறவர்கள் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஏன் எதிலும் நிறமே இல்லை? நான் சிரித்துச் சமாளித்துவிடுவேன். போன கண்காட்சியில் என் கண்ணாடிப் பலகைகளுக்குப் பக்கத்தில் இருந்த அட்டையில், இவருடைய அடக்கம் அரிது என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு வெளியே போய்க் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். அது அடக்கம் இல்லை, பயம்.

நான் இலங்கையில் ஓ.எல். பரீட்சை வரை படித்தவன். மெல்பேர்ணுக்கு வந்த நாளிலிருந்து யன்னல் கண்ணாடி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. ரோவில் என்ற புறநகரில் வீட்டுக்குக் கிட்ட இருந்த சமூக நிலையத்தில் வியாழன் மாலைகளில் கண்ணாடி வகுப்பு நடக்கிறது என்று நோட்டீஸ் பார்த்துப் போனேன். கண்ணாடித் துண்டுகளை அடுக்கி, மின்சாரச் சூளையில் உருகி ஒட்டும்வரை சூடாக்கி, பிறகு ஒரு நாள் முழுக்க மெல்ல மெல்ல ஆறவிடுவதுதான் அந்த வேலை. எனக்குப் பேச்சு வராது, ஆனால் வெட்ட வரும். படிப்பித்த வெள்ளைக்கார அம்மா என் துண்டுகளை எடுத்து மற்றவர்களுக்குக் காட்டினார். இந்த நாட்டில் என்னை ஒருவர் சுட்டிக்காட்டியது அதுதான் முதல் தடவை. அடுத்த வருடமே பழைய சூளை ஒன்றை வாங்கிக் கராஜில் வைத்தேன்.

இரண்டு தெரு தள்ளி இருந்த ஓர் அண்ணை என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தார். காலையில் அவருடைய காரில்தான் போவேன். அவர் பேசுவார், நான் கேட்பேன். மூத்த மகளுக்குக் கலியாணம் நிச்சயமானதும், "மணமக்களுக்கு எடுக்கிற ஆலாத்தித் தட்டு நீதான் செய்து தரவேணும். கடைத்தட்டு வேண்டாம்" என்றார்.

தொழிற்சாலையில் கழித்துப் போட்ட யன்னல் கண்ணாடியை அடியில் வைத்தேன். விளிம்பைச் சுற்றி, கடையில் வாங்கிய சிவப்பும் மஞ்சளும். அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. அண்ணையின் மனைவி அதைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார். ஆலாத்தி எடுக்கப் போகிற இரண்டு பெண்களில் ஒருவர் அவருடைய தங்கை. மணப்பெண்ணைச் சின்னதிலிருந்து தூக்கி வளர்த்த சித்தி. கணவர் விட்டுப் போனவர் என்பதால் உறவுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. "அவ எடுக்காமல் வேற ஆர் எடுக்கிறது?" என்று அண்ணை ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்.

கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய வியாழன், அதே கண்ணாடிகளைச் சேர்த்து அதே சூட்டில் செய்த ஒரு சிறிய துண்டை வகுப்புக்குக் கொண்டுபோனேன், பாராட்டுக் கேட்கத்தான். அந்த அம்மா அதை, ஒளியை வடிகட்டும் இரண்டு கறுப்பு பிளாஸ்டிக் தாள்களுக்கு இடையில் வைத்து விளக்குக்கு நேரே பிடித்தார். சிவப்பைச் சுற்றி வெள்ளையாக ஒளி கசிந்தது. இரண்டு கண்ணாடியும் ஆறும்போது ஒரே அளவில் சுருங்கவில்லை, உள்ளே இழுபடுகிறது, இது கட்டாயம் வெடிக்கும், நாளைக்கோ அடுத்த வருடமோ என்றார். யன்னல் கண்ணாடியோடு வேறு எதையும் சேர்க்காதீர்கள் என்று முதல் வகுப்பிலேயே சொன்னாராம். எல்லோரும் தலையாட்டியபோது நானும் ஆட்டியிருப்பேன்.

வெள்ளி காலை காரில் ஏறினேன்.

"என்னடாப்பா, கலியாண வீட்டுக்காரன் நான். உன்ர முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை அண்ணை. அந்தத் தட்டு..."

"தட்டோ! மனிசி அதைக் காட்டாத ஆள் இல்லை. நேற்றும் ஒரு கூட்டம் வந்து பாத்திட்டுப் போகுது. இனி உன்னைப் பிடிக்கேலாது."

நல்ல காரியத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வெடிக்கும் என்ற சொல்லை எப்படி வாயில் எடுப்பது? விளிம்பில் ஒரு கீறல், திருத்தித் தருகிறேன் என்று பொய்யாவது சொல்லி வாங்கியிருக்கலாம். தொழிற்சாலை வந்துவிட்டது. இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை கலியாண ஹோலில் நான் கடைசி வரிசையில் நின்றேன். தட்டில் வாழைப்பழத் துண்டுகள், அவற்றில் குத்திய திரிகள் எரிந்தன. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மணமக்களுக்கு முன்னால் சுற்றினார்கள். இரண்டாவது சுற்றில் டிக் என்று ஒரு சத்தம். தட்டு இரண்டாகி, திரிகள் எரிந்தபடியே கம்பளத்தில் விழுந்தன. யாரோ மிதித்து அணைத்தார்கள். சித்தியின் உள்ளங்கையில் இரத்தம்.

"நான் அப்பவே சொன்னனான், அவவைத் தட்டுத் தூக்க விடாதேங்கோ எண்டு." எனக்கு முன்வரிசையில் இருந்த, அவர்களுடைய உறவுக்கார அன்ரி ஒருவர் அதை மெதுவாகச் சொல்லவில்லை. மறுபக்கத்தைப் பிடித்திருந்த பெண்ணைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. சித்தி கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனார். சாப்பாட்டுக்கும் வரவில்லை.

அண்ணை என்னைத் தேடி வந்து தோளில் கை வைத்தார். "நீ யோசியாத. உன்ர தட்டில ஒரு பிழையும் இல்லை." அப்போதும் நான் பேசவில்லை.

அதன் பிறகு யன்னல் கண்ணாடியைத் தவிர வேறு எதையும் நான் சூளையில் வைத்ததில்லை. ஒவ்வொரு துண்டையும் கறுப்புத் தாள்களுக்கு இடையில் பார்க்காமல் வெளியே விட்டதும் இல்லை. நிறம் இல்லாததால் தடிப்பிலும் மடிப்பிலும் வெளிச்சத்தைப் பிடிக்கப் பழகினேன். அதைத்தான் என் பாணி என்கிறார்கள். அந்தச் சித்தியோ எந்த வீட்டு விசேஷத்துக்கும் வருவதை நிறுத்திவிட்டார்.

ஆறு வருடம் கழித்து, இந்த வருடம்தான் அவருடைய வீட்டுக்குப் போனேன். கதிரையின் நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"வியாழக்கிழமையே தெரியுமோ?"

"ஓம்."

"அண்டைக்கு அவை அவ்வளவு சனத்துக்கு முன்னால என்னைச் சொன்னவை. இப்ப எனக்கு மட்டும் வந்து சொல்லுறியள்." கோபமாகச் சொல்லவில்லை. "அவைக்குச் சொல்லுங்கோ."

முதலில் அண்ணையிடம் போனேன். கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அடுத்தது அந்த அன்ரி. கண்ணாடி சுருங்குவதைப் பற்றி, இரண்டு கைகளையும் வைத்துக் காட்டி, எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். அவர் பொறுமையாகத் தலையாட்டினார்.

"அது சரி தம்பி. எண்டாலும் அவவின்ர கையில எண்டபடியால்தானே அண்டைக்கே வெடிச்சது?"

"இல்லை அன்ரி. ஆர் தூக்கியிருந்தாலும் வெடிச்சிருக்கும்."

என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது.

"சரி, சரி," என்றார் அன்ரி. "தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ."