தாமரைக் குளத்தடியில் ஓர் அண்ணை

பட்டினத்துப் பெரிய பூங்காவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனபோது, பெண் பார்க்கப் போகிறார்கள் என்று சின்னம்மா சொல்லவில்லை. "அங்கை தாமரை பூத்திருக்காம், பாத்திட்டு வருவம்," என்றுதான் சொன்னார். அது எண்பத்து நாலாம் ஆண்டு. தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைதல் முடித்துவிட்டு, கட்டட வரைபடங்கள் கீறும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். கிழமை முழுவதும் மேசையில் குனிந்திருந்த முதுகுக்கு நடை நல்லது என்று எண்ணி, நீர்வேலியில் பஸ் ஏறினேன். சேலை உடுக்கச் சொன்னபோதாவது யோசித்திருக்கவேண்டும்.

வெள்ளைக்காரத் துரைமார் நட்ட மரங்கள் அந்தப் பூங்காவில் காடாகவே நின்றன. அவற்றுக்குள்ளே இரண்டு குளங்கள். ஒன்றில் மீன், மற்றதில் தாமரை. தாமரைக் குளத்தடியில் நீள வாங்கு ஒன்றில் ஓர் அம்மாவும் அவருடைய மகனும் உட்கார்ந்திருந்தார்கள். முந்தின வருசத்துக் கலவரத்தோடு கொழும்பைவிட்டு வந்த குடும்பம். சின்னம்மா அவர்களைத் தற்செயலாகக் கண்டதுபோல நின்று கதைத்தார்.

அந்த அம்மா என்னிடம் மூன்று காரியம் பார்த்தார். ஒன்று, குளத்தைச் சுற்றிப்போய் எத்தனை பூ என்று எண்ணிவரச் சொன்னார். அது கால் சரியா என்று பார்க்க. இரண்டு, கச்சான் கடலை சுற்றிவந்த பத்திரிகைத் துண்டை வாசிக்கச் சொன்னார். கண்ணுக்கும் குரலுக்கும் அது. மூன்று, பக்கத்தில் இருத்தி, "என்ன எண்ணெய் பிள்ளை வைக்கிறனீர்?" என்று கேட்டபடி என் பின்னலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். சவுரியா, சொந்த மயிரா என்று அறிவதற்கு.

எதற்கென்று தெரியாமல் எல்லாவற்றையும் செய்தேன். போதாததற்கு, அந்த மனிதரிடம் கச்சானை நீட்டி, "எடுங்கோ அண்ணை," என்றேன். வயதில் மூத்த, அறிமுகமில்லாத ஒருவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவருக்கு இருமல் வந்தது. சின்னம்மா என் தொடையில் கிள்ளினார்.

சில கிழமைகள் கழித்து, "அவைக்கு வேண்டாமாம்," என்று சின்னம்மா வந்து சொன்னார்.

"ஆருக்கு? என்ன வேண்டாமாம்?"

"நீ ஏனடி அந்தப் பெடியனை அண்ணை எண்டனி? கட்டப்போறவனை ஆரும் அப்பிடிக் கூப்பிடுவினமோ?"

"கட்டப்போறவர் எண்டு எனக்கு ஆர் சொன்னது?"

"சொன்னால் நீ வந்திருப்பியோ?"

அவரைக் கட்டும் ஆசை எனக்கில்லை. முகம்கூட ஒழுங்காக மனதில் நிற்கவில்லை. ஆனால் பின்னலுக்குள் நுழைந்த அந்த விரல்கள் நின்றன. தலைக்கு எண்ணெய் வைக்கும்போதெல்லாம் அவை திரும்பி வந்தன. நேரே போய்க் கேட்கவும் வழியில்லை. பூப் பார்க்கத்தானே வந்தோம் என்பார் அந்த அம்மா. யாரும் வாய்விட்டுச் சொல்லாததுதான் அவருக்குப் பாதுகாப்பு. அதனால் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று என்று முடிவுசெய்தேன். எதற்காக வந்தார் என்பதை அந்த மனுசி, அதே குளத்தடியில், நாலுபேர் கேட்கத் தன் வாயால் சொல்லவேண்டும்.

சின்னம்மாவின் வாயைக் கிண்டினேன். "உந்த மனுசி எல்லாப் பெட்டையளையும் உதிலைதான் பாக்கிறது. ஞாயிறு பின்னேரம்," என்றார். அதன்பிறகு ஞாயிறுகளில் சைக்கிளில் பூங்காவுக்குப் போனேன். கையில் பென்சிலும் தாளும் இருந்தன. பார்க்கிறவர்களுக்கு நான் குளக்கட்டைக் கீறுகிற பெண். காத்திருப்பது எனக்குச் சிரமமாக இருக்கவில்லை. பிழைத்த கோட்டை பிளேட்டால் சுரண்டிவிட்டு மறுபடி கீறுவதுதானே என் வேலை.

ஒரு ஞாயிறு வந்தார்கள். அதே அம்மா, அதே மகன். எதிரே ஒரு தாயும், மடிப்புக் கலையாத சேலையில் ஒரு பெண்ணும். "பிள்ளை, உந்தப் பூவை ஒருக்கா எண்ணிக்கொண்டு வாரும்," என்று அந்த அம்மா சொல்லும்போது நான் போய் வாங்கின் நுனியில் இருந்தேன்.

"சுகமோ அன்ரி? என்னை நினைவிருக்கோ? இதே வாங்கிலைதான் கதைச்சனாங்கள்."

அவர் முகம் கறுத்தது. போ என்று சொல்ல முடியாது. அவர்களும் பூப் பார்க்க வந்தவர்கள், நானும் பூப் பார்க்க வந்தவள்.

"தங்கச்சி, நீர் இரும். பூவெல்லாம் நான் எண்ணிப்போட்டன்," என்று சொல்லி என் கச்சான் சுருளை அவளிடம் கொடுத்தேன். "அண்ணைக்கும் குடும்."

அவள் நல்ல வளர்ப்பு. உடனே நீட்டினாள். "இந்தாங்கோ அண்ணை."

அவர் ஒரு கச்சானை எடுத்தார். வாயில் போடுவதா விடுவதா என்று தெரியாமல் விரலில் வைத்துக்கொண்டிருந்தார்.

"வெக்கப்படாதையுங்கோ அண்ணை, தங்கச்சிதானே தாறா," என்றேன்.

"அண்ணை எண்டு சொல்லாதையும் பிள்ளை," என்றார் அந்த அம்மா, என்னை விட்டுவிட்டு அவளிடம்.

"ஏன் அன்ரி? மூத்தவர்தானே. வேறை என்னெண்டு சொல்லுறது?" என்று நான் கேட்டேன்.

"ஓம், வேறை என்னெண்டு சொல்லுறது?" என்று அவளும் கேட்டாள். அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

"உம்மைப் பொம்பிளை பாக்கவெல்லோ வந்திருக்கிறம்."

குரல் அவரை மீறிவிட்டது. கச்சான் விற்பவர் திரும்பிப் பார்த்தார். குளக்கட்டில் உலாவிய ஒரு கணவனும் மனைவியும் நின்றுவிட்டார்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது. இன்றைக்கும் அதற்காக நான் வருந்தவில்லை.

"பூப் பாக்கவெண்டுதானேயம்மா சொன்னனீங்கள்?" என்று அந்தப் பெண் தாயிடம் கேட்டாள். தாய் கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். அவள் சுருளை வாங்கில் வைத்துவிட்டு எழும்பி, மரங்களின் பக்கமாக நடந்தாள்.

அப்போதும் அந்த அம்மா கழுத்தை நீட்டி அவளுடைய நடையைப் பார்த்தார். நான் எழும்பி இடையில் நின்றேன்.

"தள்ளி நில்லும், மறைக்குது."

"என்னது, பூவோ அன்ரி?"

அவள் மரங்களுக்குள் மறையும்வரை நான் அசையவில்லை.