ஐப்பசிக்குத் தள்ளிவைத்த அத்தியாயம்

மார்கழி கடைசி ஆனா போதும், யாராவது ஒருத்தர் வந்து கேட்டுருவாங்க: "வர்ற வருசம் என்ன எழுதப் போறீங்க?" பத்திரிகைக்காரங்க மட்டும்னு இல்ல, எதிர்வீட்டு டீச்சரம்மாகூடக் கேக்குறாங்க. சிரிச்சு மழுப்பி அனுப்பிச்சிருவேன். வருசம் பொறக்கவும் திட்டம் போட்டு எழுதுறதெல்லாம் என் வாழ்க்கையில ஒரே ஒருக்காதான். அந்த ஒரு வருசமே ஏழு சென்மத்துக்குப் போதும்.

வெள்ளைக்காரன் போயி ஏழெட்டு வருசம் இருக்கும். நான் கல்யாணமாகி சாயல்குடிப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமத்துக்கு வந்து ரெண்டாவது வருசம். வீட்டுல நாலே பேரு. மாமனார், கட்டிக்குடுக்க வேண்டிய வயசுல ஒரு நாத்தனார், எங்க வீட்டுக்காரர், நான். மாமியார் நான் வர்றதுக்கு முந்தியே போய்ச் சேந்துட்டாங்க. வீட்டுக்காரருக்கு உப்பளத்துல கணக்கு எழுதுற வேலை. வாரம் ஒரு பத்திரிகை வாங்கியாருவார். அதுல வந்த தொடர்கதையப் படிச்சிட்டு, "இதென்ன பெரிய கம்பசூத்திரமா, நானே எழுதிருவேன்"னு ஒருநாள் வாய விட்டுட்டேன். "எழுதேன், யாரு வேணாம்ங்கிறா"ன்னார் மனுசன்.

இங்கிலீஷ் வருசம் பொறக்கப் போற சமயம், ராமநாதபுரத்து ஜவுளிக்கடையில குடுத்தாங்கன்னு தேதி கிழிக்கிற காலண்டர் ஒண்ணு கொண்டாந்தார். எனக்கு ஒரு யோசனை ஓடுச்சு. தையில தொடங்கி மார்கழிக்குள்ள ஒரு நாவல், மாசத்துக்கு ஒரு அத்தியாயம். ஒவ்வொரு தமிழ் மாசமும் பொறக்குற தாள்ல, அடியில இருந்த வெத்து எடத்துல, அந்த மாசம் எதை எழுதணும்னு மைப்பேனாவால அச்செழுத்து மாதிரியே குறிச்சு வச்சேன். காலையில கிழிக்கிறப்பக் கண்ணுல பட்டா சோம்பல் வராதுல்ல? கதையும் ஒரு மானாவாரிக் குடும்பத்துக் கதைதான். எனக்குத் தெரிஞ்சது அதுதான, வேற எத எழுத?

கிழிக்கப் போறது நான்தான்னு நெனச்சேன். மாமா காலண்டரப் பாத்ததும், "ஏலே, வீட்டுக்குப் பெரியவன் கையாலதான் நாளு பொறக்கணும், இங்கன கொண்டா"ன்னு மகன்கிட்ட வாங்கி, தன் கட்டிலுக்கு மேல ஆணியடிச்சு மாட்டிக்கிட்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது, நம்பர் மட்டும் தெரியும். பல்லு வெளக்குறதுக்கு முந்தித் தேதி கிழிக்கணும். நாத்தனார் வந்து நின்னு, திதி, நட்சத்திரம், ராகுகாலம், எமகண்டம் அம்புட்டையும் சத்தமா வாசிக்கணும். அவ அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. தாள்ல இருக்குற ஒரு எழுத்த விடமாட்டா.

தை ஒண்ணு அன்னைக்குப் பொங்கப்பானை அடுப்புல இருக்கு. எமகண்டத்த வாசிச்ச அதே மூச்சுல அவ வாசிச்சா: "பெண் பார்க்க வருவார்கள். சம்பந்தம் கூடி வராது."

எனக்குக் கை அப்படியே நின்னுபோச்சு. "இதெல்லாமா போடுறான் காலண்டர்ல?"ன்னு மாமா ஆச்சரியப்பட்டார். நான் எழுதுனதுன்னு அப்பவே சொல்லியிருக்கலாம். வந்து ஏறுன மருமக கதை எழுதுறாளாம்னு ஊரே கைகொட்டிச் சிரிக்குமேன்னு வெக்கம். மறுபடியும் பானையக் கிண்ட ஆரம்பிச்சேன். அந்த மாசமே திருப்புல்லாணிப் பக்கமிருந்து நாத்தனாரப் பொண்ணு பாக்க வந்தாங்க. பணியாரத்தத் தின்னாங்க, சொல்லி அனுப்புறோம்னாங்க, சொல்லவே இல்ல. பொண்ணு மூலையில உக்காந்து அழுதுச்சு. மாமா அழல. காலண்டரையே பாத்துக்கிட்டு இருந்தார்.

மாசி பொறந்துச்சு. "நேர்ந்துவிட்ட கிடாய் சாகும்"னு வாசிச்சவ பாதியிலயே நிறுத்திட்டா. எங்க வீட்டுல கொலசாமிக்கு நேந்துவிட்ட கருப்புக் கிடாய் ஒண்ணு இருந்துச்சு. மாசிக் களரித் திருவிழாவுல சாமிக்குக் குடுக்க வேண்டியது. களரிக்கு நாலு நாள் இருக்கையில வயிறு உப்பி, வாயில நுரை தள்ளிச் செத்துக் கெடந்துச்சு. சாமிக்குன்னு விட்டத சாமி தொடாமலே எமன் கொண்டுபோனா அந்த வீடு எப்படி இருக்கும்? சோறு பொங்குனோம், தின்னோம், ஒருத்தரும் ஒருத்தர் மொகத்தப் பாக்கல. "முன்னாடித் தாளத் தூக்கிப் பாக்காத"ன்னு மககிட்ட மாமா சொல்லிட்டார். "வாரது வாரப்பத் தெரிஞ்சா போதும்."

முன்னாடி என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். பங்குனியில திருவிழா, சித்திரையில வரப்புச் சண்டை. அதெல்லாம் எந்த வீட்டுலயும் நடக்குறதுதான், நடக்கவும் செஞ்சுச்சு. ஆடி ஒண்ணுலதான் பாவி நான் எழுதி வச்சிருந்தேன்: "பெரியவர் சாவு. அன்றைக்கு மழை."

மாமா காட்டுக்குப் போன ஒரு மத்தியானம் அந்தத் தாள மட்டும் உருவி அடுப்புல போட்டேன். தொலைஞ்சது சனியன்னு அன்னைக்குத்தான் நிம்மதியாச் சாப்பிட்டேன்.

ஆனி கடைசி நாள் போயி மறுநாள் காலையில மாமா தாளக் கிழிச்சிட்டு நின்னார். "ஏத்தா, நடுவுல ஒரு நாளக் காணோமே"ன்னார். நாத்தனார் பொரட்டிப் பாத்துட்டு, "அச்சடிக்கையில விட்டுப்போயிருக்கும்யா"ன்னா. மாமா கட்டில்ல உக்காந்தார். "அதெப்படி விட்டுப்போகும்? எனக்குத்தான் நாளு குடுக்கல"ன்னார்.

கேப்பைக்கூழக் கொண்டுபோயி வச்சேன், தொடல. காட்டுக்குப் போகல. வெளிய ஆடிக்காத்து புழுதிய அள்ளி வீட்டுக்குள்ள கொட்டுது, அவரு கண்ணக்கூட மூடாம உக்காந்திருந்தார். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் என்னால தாங்க முடியல. கதை எழுதிக்கிட்டு வந்த நோட்ட எடுத்துக்கிட்டுப் போயி மாமா முன்னால வச்சு, எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டேன்.

"கதையா?"ன்னார் மாமா.

"சும்மா கதை மாமா. காலண்டர்ல இருந்ததெல்லாம் நான் எழுதுனது."

"கிடாயி?"

"அது தானாச் செத்துச்சு."

"கிழிச்ச தாள்ல என்ன போட்டிருந்த?"

நோட்ட மூடப் போனேன். "சொல்லுத்தா"ன்னு அதட்டுனார். "பெரியவர் சாவு"ன்னேன்.

"அப்பறம்?"

"அன்னைக்கு மழை வரும், மாமா."

அடிக்கத்தான் போறார்னு நெனச்சேன். சிரிச்சார். "அடி கிறுக்கி, ஆடியில நம்ம ஊருல எங்குட்டு மழை? காத்துதான அடிக்கும். கெழவன ஐப்பசிக்குத் தள்ளு." எங்க வீட்டுக்காரரும் சிரிச்சார், நானும் கண்ணத் தொடச்சிக்கிட்டே சிரிச்சேன். மாமா கூழக் குடிச்சிட்டு மாட்டப் பாக்கப் போயிட்டார்.

ரெண்டு வருசமா மழை இல்லாத ஊரு அது. புரட்டாசியில, வீட்டுல இருந்த விதைநெல்லு பூராத்தையும் புழுதியிலயே விதைச்சுட்டு வந்தார். எங்க பக்கம் அப்படித்தான். வெதை மண்ணுக்குள்ள கெடக்கும், ஐப்பசி மழை வந்து எழுப்பணும். வரலைன்னா எறும்பும் புறாவும் தின்னுட்டுப் போகும். விதைச்சுட்டு வந்தவரு கையக்கூடக் கழுவல, "எழுதிட்டியாத்தா?"ன்னார். எனக்கு ஒண்ணும் வெளங்கல. "என்னத்த மாமா?"ன்னேன். "அதான், அந்த ஐப்பசி."

ஐப்பசி பொறந்துச்சு. வானம் சுண்ணாம்பு அடிச்ச சுவராட்டம் வெளுத்துக் கெடந்துச்சு. தெனமும் தேதி கிழிச்ச கையோட என் பக்கம் திரும்பி, "எழுதிட்டியா?" நான், "இல்ல மாமா." ஒருநாள் கோவம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. "உங்களக் கொன்னு எழுதணுமா நானு?"ன்னு கத்திட்டேன். "என்னையவா கொல்லச் சொல்றேன், கதையில ஒரு கெழவனத்தான?"ன்னு சிரிச்சவரு, கொரலத் தாழ்த்திக்கிட்டார். "வெதை அம்புட்டும் மண்ணுக்குள்ள கெடக்குத்தா."

அன்னைக்கே நோட்டையும் பேனாவையும் வீட்டுக்காரர் கையில குடுத்து, உப்பளத்து ஆபீசுல வச்சுப் பூட்டச் சொல்லிட்டேன். நாத்தனார் வாயி சும்மா இருக்குமா? விசயம் ஊர் பூராப் பரவிருச்சு. ஊருணியில தண்ணி மோக்கப் போனா பேச்சு நிக்கும். ஒருத்தி எங்கிட்ட நேராவே கேட்டா: "எழுதுனா என்னவாம்? எழுத்துதான?" இன்னொருத்தி எம்மொகத்தப் பாக்காம, குடத்தப் பாத்துக்கிட்டே சொன்னா: "ஒரு வீட்டுக் கெழவனுக்காக ஊரே காயணுமாக்கும்." அவ நல்லவதான். அவ வீட்டுலயும் வெதை மண்ணுக்குள்ளதான் கெடந்துச்சு. நான் பாதிக் குடத்தோட வீட்டுக்கு வந்துட்டேன்.

ஐப்பசி முடியப் போற நேரம், உச்சிப்பொழுதுல, கடல் பக்கமிருந்து கருத்துக்கிட்டு வந்துச்சு. என்ன ஏதுன்னு பாக்குறதுக்குள்ள கொட்டிருச்சு. ஊரே தெருவுல நின்னு நனையுது. மாமா முத்தத்துல நின்னார், தலையில தண்ணி ஊத்துது. என்னயத் திரும்பிப் பாத்தார்.

"எழுதிட்ட"ன்னார்.

"இல்ல மாமா, சத்தியமா இல்ல! நோட்டே இங்கன இல்ல!"

சரி சரின்னு தலையாட்டுனார். உள்ள வந்து தலையத் தொவட்டுனார், கட்டில்ல ஏறிச் சுவத்தப் பாத்துப் படுத்தார். அதுக்கப்பறம் கஞ்சி எறங்கல. மறுநாள் காய்ச்சல். வைத்தியர் வந்து குடுத்த கசாயத்த வாங்கிக் கட்டிலுக்கு அடியில ஊத்திட்டார். வீட்டுக்காரர் உப்பளத்துக்கு ஓடிப்போயி நோட்டக் கொண்டாந்து, "பாருங்கய்யா, ஐப்பசிக்கு விட்ட எடம் வெறுந்தாளு"ன்னு விரிச்சுக் காட்டுனார். மாமா அந்த வெள்ளைத்தாளத் தடவிப் பாத்தார். "மருமக மறைக்கிறா. பாவம், மனசு கேக்கல அதுக்கு"ன்னு மகன்கிட்டச் சொன்னார்.

மழை விடல. நான் கால்மாட்டுல உக்காந்து அழுதேன். கூரையில விழுற மழையக் கேட்டுக்கிட்டே கண்ண மூடியிருந்தவரு, "எதுக்கு அழுகுற? நல்லா எழுதியிருக்கத்தா"ன்னார். அப்பறம் பேசல. மறுநாள் விடியையில தேதி கிழிக்க ஆளில்ல.

எழவுக்கு வந்த பொம்பளைங்க ஒருத்தி பாக்கியில்லாம என் கையப் பிடிச்சு அழுத்திட்டுப் போனாங்க. எனக்கு ஆறுதல் சொல்றாங்கன்னுதான் நெனச்சேன். அந்த வருசம் நல்ல வெள்ளாமை. மாசிக் கடைசியில புதுநெல்லுக் குத்திப் பொங்கல் வச்ச அன்னைக்கு, குடத்தப் பாத்துப் பேசுனாளே, அவ ஒரு ஓலைக் கொட்டான் நெறையப் பச்சரிசி கொண்டாந்து என் முன்னால வச்சா. வாசல்ல இன்னும் நாலஞ்சு பேரு நின்னாங்க. எல்லாரும் எங்க வீட்டுச் சுவத்துல புதுசா மாட்டியிருந்த காலண்டரத்தான் பாத்தாங்க.

"இந்த வருசம் என்னத்தா எழுதப் போற?"ன்னு கேட்டா.