நான் மாட்டிய ஸ்டாண்டு

குழந்தைகளே, என் மகள் குதித்துப் பழக வாங்கிய பி.எம்.எக்ஸ். சைக்கிளில் ஸ்டாண்டு இல்லை. ஸ்டாண்டு இல்லாமல் ஒரு சைக்கிளா என்று நானே ஒன்றை மாட்டிவிட்டேன்.

ஆர்.கே.புரம் பூங்காவின் மண்மேட்டிலிருந்து மகள் சைக்கிளோடு குதித்தாள். இறங்கும்போது ஸ்டாண்டு விரிந்து தரையில் இடிக்க, உருண்டு விழுந்தாள்.

"எனக்கு இது வராதுப்பா. வித்துடுங்க," என்று அழுதாள். நான் விரிந்த ஸ்டாண்டைக் காலால் மெல்ல மடக்கிவிட்டேன்.

அங்கே தன் சைக்கிளில் குதித்துப் பழகிக்கொண்டிருந்த, முன்பின் தெரியாத பெண் ஒருத்தி ஓடிவந்து அவளைத் தூக்கினாள். ஸ்டாண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தன் பையிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

கழற்றிக்கொண்டே, "நீ சரியாத்தாம்மா குதிச்சே. அப்பா மாட்டின ஸ்டாண்டுதான் கவுத்துடுச்சு," என்றேன்.

"அச்சா, அப்படியா! எல்லாம் உங்க வேலையா? அப்ப எனக்கு வருது!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குதித்தாள். விழவில்லை.

என்னைக் காட்டிக்கொடுக்காமல், நானே சொல்லட்டும் என்று விட்டாளே, அந்தப் பெண்ணை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.