பதினேழாம் நாள் சொன்ன சாவு

காலை 5.40. கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். விருத்தாசலத்துக்கு டிக்கெட் இருநூற்றுப் பத்து ரூபாய், ஐந்து மணி நேரப் பயணம். முந்தின நாள்தான் அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. பந்தியில் ஒரு உறவினர், "அவரு தங்கச்சி வரலியா?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அப்பா இறந்த அன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் போட்டோவைப் போட்டுவிட்டு, எல்லோருக்கும் சொல்லியாயிற்று என்று இருந்துவிட்டேன். அப்பாவின் ஒரே தங்கை, விருத்தாசலத்தில் இருக்கும் என் அத்தை, பட்டன் போன் வைத்திருப்பவர். அந்தக் குழுவில் அவர் இல்லை.

9.45. உளுந்தூர்பேட்டை. டீ பதினைந்து ரூபாய். பாதியைக் கீழே ஊற்றினேன். அத்தையிடம் எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்; எப்படிச் சொன்னாலும் கேவலமாகவே இருந்தது. மங்கலம்பேட்டையில் பாதி பஸ் காலியானது.

10.50. விருத்தாசலம். பீங்கான் பொம்மைகள் செய்யும் செராமிக் எஸ்டேட்டுக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

"பொம்மை எடுக்க வந்தீங்களா?" என்றார் ஓட்டுநர்.

"ஆமாங்க" என்றேன். முன்பின் தெரியாத அவரிடம்கூட உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"தட்டிப் பாத்து எடுங்க. விரிசல் இருந்தா சத்தத்துலயே தெரிஞ்சிடும்" என்று அக்கறையாக யோசனை சொன்னார்.

எஸ்டேட்டுக்குப் பின் தெருவில் அத்தை வீடு. வாசலில் உட்கார்ந்து, இன்னும் சூளைக்குப் போகாத பொம்மைகளை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் பொட்டு, தலையில் மல்லிகைப் பூ. விஷயம் தெரியாது என்று நினைத்தேன். வெட்கங்கெட்ட ஒரு நிம்மதி வந்தது.

"வாப்பா. தனியாவா வந்த?"

"அப்பாவுக்கு உடம்பு முடியல அத்தை..."

பஞ்சைக் கீழே வைத்தார். "சொல்ல வந்தத சொல்லு."

"அப்பா தவறிட்டாரு. பதினேழு நாள் ஆவுது."

"தெரியும். மூணாம் நாளே மருமவ செல்லுல போட்டோ வந்துடுச்சு."

"அப்ப ஏன் அத்தை வரல?"

"பொறந்த வூட்டுலேர்ந்து யாரும் சொல்லாம எப்படி வர்றது? இன்னிக்கு வருவாங்க, நாளைக்கு வருவாங்கன்னு வாசல்லியே ஒக்காந்துகினு இருக்கேன். நீங்க வந்து சொன்னாத்தான நான் தலை முழுவ முடியும்? அதான் பூவும் வெச்சிக்கினு திரியறேன்."

பூவைப் பிய்த்துப் போட்டார். குழாயடியில் கட்டிய சேலையோடு இரண்டு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். அதற்குப் பிறகுதான், "அண்ணே" என்று அழுதார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மதியம் 1.10. கிளம்பும்போது பழக்க தோஷத்தில், "போயிட்டு வரேன்" என்று வாயெடுத்தேன். அத்தை கையைக் காட்டி நிறுத்தினார்.

"எழவு வூட்டுல சொல்லிக்கினு போவக் கூடாதுப்பா. சொல்லாமப் போ."

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"உனக்கு அது கஷ்டமா இருக்காது" என்றார்.