கூடவே விட்ட இரண்டு அங்குலம்

தையல்காரர் மொட்டைமாடித் தொட்டிகளில் வெள்ளரி வளர்த்தது மச்சானின் வாயை அடைக்கத்தான். போன வருடம் இவர் போட்ட வெள்ளரி ஊறுகாயைத் தின்றுவிட்டு, "ஏன் மாப்பிள்ளை, காலருக்கு வைக்கிற கேன்வாஸையா ஊறப்போட்டீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்ட மனிதர் அவர்.

ஊறுகாய்க்கு விரல் நீளப் பிஞ்சுதான் வேண்டும். ஆனால் வளரும் பிள்ளைகளின் சட்டைக்கு இரண்டு அங்குலம் கூடவே விட்டுத் தைத்துப் பழகிய கைக்குப் பிஞ்சைப் பறிக்க மனம் வரவில்லை. "இன்னும் கொஞ்சம் வளரட்டுமே" என்று விட்டுக்கொண்டே வந்தார். மச்சான் வருவதற்கு முந்தின நாள் பார்த்தால், ஒவ்வொன்றும் மஞ்சளாகப் பழுத்து முழங்கைப் பருமனில் தொங்கியது. பாட்டில் வாய்க்குள் ஒன்றும் நுழையவில்லை.

"சட்டைன்னா பிரிச்சுத் தைக்கலாம். பாட்டிலை என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே மனைவி தோலைச் சீவி, விதையை வழித்து, துண்டுபோட்டு, உப்பும் கடுகும் சேர்த்து வினிகரில் ஊறவைத்தாள். "அண்ணன்கிட்ட பூசணின்னு சொல்லிடுறேன். நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

மறுநாள் மச்சான் இரண்டு துண்டைக் கடித்தார். "பூசணியில இப்படி ஒரு ஊறுகாயா? பிரமாதம். இனி அந்த வெள்ளரிப் பைத்தியத்தை விட்டுடுங்க மாப்பிள்ளை."

ஒரு வருடமாகக் காத்திருந்த பாராட்டு பூசணிக்குப் போவதைத் தையல்காரரால் தாங்க முடியவில்லை. மனைவி மேசைக்கடியில் காலை மிதித்தும், "அது வெள்ளரிதான் மச்சான்" என்றார்.

மச்சான் மெல்லுவதை நிறுத்தினார்.

"அதானே பார்த்தேன். லேசா கசக்குது" என்று சொல்லிவிட்டு, பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.