விழுந்தவளுக்கும் ஒரு காப்புறுதி

கோப்பாயில் நாய் குறுக்கே ஓடியதில் என் மகள் ஸ்கூட்டியோடு விழுந்து கையை முறித்துக்கொண்டாள். ஆண்டுதோறும் காப்புறுதி எடுக்கிறோமே என்று நம்பியிருந்தேன். அது மூன்றாம் தரப்புக் காப்புறுதி, அவளால் பிறருக்கு நேரும் சேதத்துக்கு மட்டுமே உதவும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இம்முறை புதுப்பிக்கப் போனபோது அலுவலகப் பெண் முழுக் காப்புறுதியைப் பற்றிச் சொன்னார்.

"ஸ்கூட்டி உடைஞ்சாலும் திருத்தித் தருவம், அன்ரி."

"அதை ஓடுறவள் உடைஞ்சால்?"

"அதுக்குத் தனிநபர் விபத்துக் காப்புறுதியும் சேர்க்கவேணும்."

கையில் கட்டோடு பக்கத்தில் இருந்த மகள் சிரித்தாள். "என்னைப் பெத்ததுக்கு ஒரு ஸ்கூட்டியைப் பெத்திருக்கலாம், அம்மா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் விழுந்த செய்தி வந்த நாளிலிருந்து, தொலைபேசி ஒலித்தாலே ஓடிப்போய் எடுக்கிறேன். கை சுகமானதும் அவள் மறுபடி வேலைக்கு ஸ்கூட்டியில்தான் போவாள். தனிநபர் விபத்துக் காப்புறுதியையும் சேர்த்து, ஓட்டுபவருக்கும் இழப்பீடு உண்டு என்ற வரியைக் காட்டச் சொல்லி, வாசித்த பிறகே கையெழுத்திட்டேன்.