நெட்டை கற்றுக்கொடுத்த மூச்சு

ஆள் விளக்குக் கம்பம் மாதிரி வளர்ந்தவன். கல்லூரி விடுதியில் எல்லாருக்கும் அவன் நெட்டைதான். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவரின் மகன். ஊர் தூரம், விடுதி அறை போனால் படிப்பும் போச்சு. அவனோடு அறையில் இருந்த குண்டனுக்கும் இது தெரியும்.

பரீட்சை நெருங்கினால் குண்டனுக்குச் சோறு இறங்காது. கல்லூரியில் மன அழுத்தம் குறைய மூச்சுப் பயிற்சி வகுப்பு நடந்தது. நெட்டை விடாமல் போய்க் கற்றுவந்து, குண்டனைக் கட்டிலில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தான்.

"வயித்துல கை வை. மெதுவா இழு. இழுத்ததைவிட விடுறது நீளமா இருக்கணும்."

"தூக்கம் வருதுடா."

"வரட்டும் எருமை. குறட்டை மட்டும் விடாத."

குண்டன் தேறினான். பரீட்சை ஹாலுக்குள் மாப்பிள்ளை மாதிரி நடந்து போனான்.

அப்புறம்தான் அந்தக் கரண்ட் அடுப்பு விவகாரம். விடுதியில் அடுப்பு வைக்கக் கூடாது. டீ போடக் குண்டன் திருட்டுத்தனமாக ஒன்று வைத்திருந்தான். அணைக்காமல் குளிக்கப் போய்விட்டான், மெத்தை பற்றிக்கொண்டது. நெட்டைதான் தண்ணீரைக் கொட்டி அணைத்தான். வார்டன் இருவரையும் கூப்பிட்டார்.

"அடுப்பு யாரோடது?"

குண்டனே சொல்லட்டும், காட்டிக்கொடுக்கிற வேலை நமக்கு வேண்டாம் என்று நெட்டை நின்றான். குண்டனின் வயிறு மெல்ல உப்பி, மெல்ல இறங்கியது. பயலுக்குத் தைரியம் வந்துவிட்டது, ஒத்துக்கொள்ளப் போகிறான் என்று நெட்டைக்குச் சந்தோஷம்கூட.

"அவனோடது சார். எவ்வளவோ சொன்னேன், கேக்கல."

குரலில் ஒரு பிசிறு இல்லை. நெட்டைக்கு மூச்சு முட்டியது. "சார்... சார், அது..." மேலே வரவில்லை. அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுத்தது தனக்கு உதவவில்லை. வார்டன் இரண்டு முகத்தையும் பார்த்தார். திணறுகிறவன்தானே திருடன்!

"சாயங்காலத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணு."

பெட்டி கட்டும்போது குண்டன் வந்து கதவைச் சாத்தினான்.

"எங்கப்பா கொன்னே போட்டுடுவாருடா. நீ சொல்லிக் குடுத்ததுதான் காப்பாத்துச்சு. உன்னை மறக்கவே மாட்டேன்."

"இப்பவே போய் உண்மையைச் சொல்லு. என் படிப்பே போகுதுடா."

குண்டன் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, வயிற்றில் கை வைத்து நீளமாக மூச்சை இழுக்க ஆரம்பித்தான்.

நெட்டை அவன் மூக்கைப் பிடித்து அழுத்தினான்.

"டேய், விடுறா!" வாயைப் பிளந்துகொண்டு திமிறினான் குண்டன்.

"வார்டன் முன்னால எனக்கு இப்படித்தான்டா இருந்துச்சு."

கையை எடுத்தான். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய் பஸ் ஏறினான்.

மறுநாள் அப்பாவோடு பெயிண்ட் வேலைக்குப் போனவன்தான், இன்றுவரை அதே வேலை. கை சுத்தம், வேலைக்குக் குறைவில்லை. ஆனால் அவன் ஏணியில் ஏறினால், கீழே அப்பாதான் பிடிக்க வேண்டும். வேறு யாரையும் கிட்டே விடமாட்டான்.